கடித்த நாயைப் பார்க்கப் போன நாட்கள்

அந்த நாயை நான் உதைத்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் கோபத்தைப் படித்துவிட்டு நான் ஏதோ பிறவியிலேயே இரக்கம் கொண்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஒரகடம் போகும் சாலையில், அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று பலகை நட்டுவிட்டு வருடக்கணக்காகச் சும்மா கிடந்த மனையில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் கூடாரத்தின் உச்சியில் பறக்கும் கொடிகள் தெரியும். கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கணவர் வேறொரு கம்பெனியின் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைக்கும் ஞாயிறு அபூர்வம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளைப் பகல் காட்சிக்கு அழைத்துப் போனோம்.

சிங்கம், புலி, யானை இல்லை. அவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் பின்வரிசையில் ஒருவர், "சிங்கம் இல்லாம இன்னா சர்க்கஸு?" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். இரண்டு குதிரைகள், ஓர் ஒட்டகம், சைக்கிள் ஓட்டும் கிளிகள், ஒன்பது நாய்கள். நாய்கள்தான் கூட்டத்தைப் பிடித்தன. பாவாடை கட்டிய நாய் பொம்மை வண்டியைத் தள்ளியது. ஒன்று சறுக்குமரத்தில் ஏறி இறங்கியது. கடைசியில் ஒன்பதும் பின்னங்கால்களில் நிமிர்ந்து வரிசையாக நடந்தன. வெள்ளை நாய் ஒன்று எரியும் வளையத்துக்கு முன்னால் தயங்கி நின்றது. பயிற்சிக்காரர் கையைத்தான் உயர்த்தினார், அடிக்கவில்லை. நாய் தாண்டிவிட்டது. ஒலிபெருக்கியில், "பயந்துட்டாங்க மேடம்!" என்றார்கள். கூடாரமே சிரித்தது. நானும் சிரித்தேன். கை வலிக்கத் தட்டினேன்.

காட்சி முடிந்ததும் நாய்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். மகள் அந்த வெள்ளை நாயைத்தான் கேட்டாள். அதன் கழுத்தில் ரோஜா நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு துணிப்பட்டை. மகள் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை ஒட்டினாள். கணவர் போனைத் தூக்கினார். நாய் ஒரு சத்தம் போட்டது. குரைப்பு இல்லை, கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த நொடி மகளின் முன்கையில் அதன் பல் இறங்கியிருந்தது.

அப்போதுதான் உதைத்தேன். விலாவில். நாய் சுருண்டு விழுந்தது. "அடிச்சுக் கொல்லுங்கய்யா அதை" என்று யாரோ கத்தினார்கள். பயிற்சிக்காரர் நாயைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கித் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். அங்கிருந்து அடிக்கும் சத்தமும், அந்தக் கீச்சுக் குரலும் கேட்டன. மகள் கையில் ரத்தம் வழிய அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சத்தம் நிறைவாக இருந்தது. இன்னும் நாலு போடு என்று மனதுக்குள் சொன்னேன்.

ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையில் சோப்பு போட்டுக் குழாயடியில் கால்மணி நேரம் கையைக் கழுவச் சொன்னார்கள். பிறகு காயத்தைச் சுற்றியும் ஊசி, தோளிலும் ஊசி. மகள் அழுது ஓய்ந்துபோனாள்.

"தெரு நாயா, வளர்ப்பு நாயா?" என்று டாக்டர் கேட்டார்.

"சர்க்கஸ் நாய்."

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இடம் தெரியும். ஊசியை ஒண்ணுகூட விடாதீங்க. நாயையும் பத்து நாள் தினம் போய்ப் பாருங்க. நல்லா இருக்கா, சாப்பிடுதா, குணம் மாறுதா. பத்து நாளைக்குள்ள அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உடனே வந்து சொல்லணும்."

அந்த வாரங்களில் எனக்கு இரண்டாம் ஷிப்ட். பஸ் ஒன்றரை மணிக்குத்தான். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் காலையில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. "நான் போனா அத மிதிச்சே கொன்னுடுவேன், நீயே போ" என்றார் கணவர்.

திங்கட்கிழமை சர்க்கஸ் மேனேஜர் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு காகிதத்தைக் காட்டினார். "எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டாச்சும்மா. நீங்க பயப்படவே வேணாம்." அந்தக் காகிதத்தில் ஆறு நாய்கள்தான் இருந்தன. மேடையில் நான் ஒன்பது பார்த்தேனே என்றேன். "அது பழைய பேப்பரு" என்று மடித்து வைத்துவிட்டார். நாயைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று நின்றேன். கடைசியில் பயிற்சிக்காரரைக் கூப்பிட்டு, பின்பக்கம் அழைத்துப்போகச் சொன்னார்.

முன்பக்கம் வண்ண விளக்கும் வளைவும் வைத்திருந்தார்களே, அதற்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு திரைதான். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே, இரும்புக் கூண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேல் கூண்டு நாயின் மூத்திரம் கீழ்க் கூண்டு நாயின் மேல் சொட்டியது. புகையும் நாற்றமும் கண்ணைக் கரித்தன. வெள்ளை நாய் கீழ் வரிசையில், மூலையில் ஒண்டியிருந்தது. இடது காதின் நுனி கிழிந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. அதை அடையாளம் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். என்னைப் பார்த்ததும் அது இன்னும் ஒடுங்கியது. உதைத்தவளை அதற்கு ஞாபகம் இருந்தது.

அன்றைக்கு நான் நினைத்தது ஒன்றே ஒன்று: உயிரோடு இருக்கிறது, மகளுக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான். கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். கூண்டுகளில் ஒன்றில்கூடத் தண்ணீர்க் கிண்ணம் இல்லை. நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தன.

"தண்ணி வைக்கலியா?" என்று பயிற்சிக்காரரைக் கேட்டேன்.

"ஷோவுக்கு முன்னாடி வச்சா மேடையில மோண்டுடும்."

"சோறு?"

"கடைசி ஷோ முடிஞ்சப்புறம். வயிறு காஞ்சாத்தான் நம்ம கையைப் பாக்கும்."

சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொன்னார். என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கம்பிக்குள் ஊற்றினேன். வெள்ளை நாய் தரையில் ஓடிய தண்ணீரை நக்கியது. நக்கும்போதுதான் அதன் பாதங்களைப் பார்த்தேன். உள்ளங்காலின் கறுப்புத் தோல் உரிந்து, உள்ளே சிவப்பாக இருந்தது.

மறுநாள் மகளுக்கு இரண்டாவது ஊசி. அதை முடித்து, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகக் கூடாரத்துக்குப் போனேன். பயிற்சிக்காரர் நாய்களுக்கு உடை மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை நாயின் ரோஜாப்பட்டையைத் துவைக்கக் கழற்றியிருந்தார்கள். அதன் அடியில் இன்னொரு பட்டை இருந்தது. கம்பியில் செய்தது. உள்பக்கமாக ஆணிமுனைகள் போல வளைத்துவிட்ட முனைகள். அதில் கட்டிய கயிற்றை இழுத்தால் கழுத்தில் குத்தும். குத்திக் குத்திக் கழுத்தைச் சுற்றி மயிரே இல்லை. வட்டமாகப் புண். சீழ். ஈ மொய்த்தது.

என் மகள் கட்டிப்பிடித்த இடம் அது. இரண்டு கைகளாலும், ஆசையாக, அந்த ஆணிகளைப் புண்ணுக்குள் அழுத்தியிருக்கிறாள். நாய் கடித்திருக்கிறது. கடித்ததற்கு நான் உதைத்திருக்கிறேன்.

"அதைக் கழட்டுங்க" என்றேன்.

"கழட்டினா ஆடாது."

"கழுத்து அழுகிக் கிடக்குது, கண்ணு தெரியலியா?"

அவர் நிதானமாக என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை நீங்க கை தட்டுனீங்களேம்மா. நெருப்பைப் பாத்தா எந்த நாயாவது தானா தாண்டுமா? எப்படித் தாண்டுதுன்னு நெனச்சீங்க?"

மேனேஜரிடம் ஓடினேன். அவர் இந்த முறை டீ கொடுக்கவில்லை. "நாய் உசுரோட இருக்குதான்னு பாக்கத்தானே வந்தீங்க? இருக்குதுல்ல? கிளம்புங்க."

அன்று பஸ்ஸில் என் லைனில் வேலை செய்யும் பெண்களிடம் சொன்னேன். பாதிப் பேர் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி சிரித்தாள். "நமக்கே பாத்ரூம் போக சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்கணும். நீ நாய்க்குத் தண்ணி கேக்குற." அவள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நமக்கு நடப்பது அநியாயம் என்று தெரிந்தால் அடுத்ததற்கு நடப்பதும் அநியாயம் என்று தெரிய வேண்டாமா? நம் கழுத்தில் இருக்கும் கயிற்றைக் காட்டி, நாயின் கழுத்தில் இருக்கும் கம்பியைச் சரி என்று சொல்வதா? கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காவல் நிலையத்துக்குப் போனேன். எழுத்தர், "பொண்ணைக் கடிச்சதுக்கா? குடுங்க, வாங்கிக்கிறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

"கடிச்சதுக்கு இல்ல சார். அந்த நாயைச் சித்ரவதை பண்றாங்க. அதுக்கு."

பேனாவை மூடிவிட்டார். "கடிச்ச நாய்க்காகக் கடிபட்ட பொண்ணோட அம்மா கம்ப்ளைன்டா? வூட்ல கேட்டுட்டு வந்தீங்களா?"

நாய்மேல் புகார் கொடுக்க ஒரு நிமிடம் போதும். நாய்க்காகப் புகார் கொடுக்க வழியே இல்லை. அங்கிருந்து கால்நடை மருந்தகத்துக்கு நடந்தேன். டாக்டர் அம்மா கிராமங்களில் மாடுகளுக்கு ஊசி போடும் முகாமில் இருந்தார். போனில் பிடித்தேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "படம் இருக்கா? அனுப்புங்க. முகாம் வெள்ளிக்கிழமை முடியுது. சனிக்கிழமை காலையில நானே வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை என்னைப் பின்பக்கம் விடவில்லை. பயிற்சிக்காரர் வெள்ளை நாய் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு முன்பக்கமே வந்தார். புதிதாகக் குளிப்பாட்டியிருந்தது. வாலை ஆட்டியது. மேனேஜர், "பாருங்க, எவ்ளோ நல்லா இருக்குது" என்றார்.

இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"இது அது இல்ல."

"எல்லாம் ஒரே நாய்தாம்மா."

"அதுக்குக் காது கிழிஞ்சிருக்கும். படம் வச்சிருக்கேன். காட்டட்டுமா?"

மேனேஜர் முகம் மாறியது. "ஷோ டைம் ஆச்சு, வெளிய போங்க" என்று ஆள்விட்டுக் கேட்டைச் சாத்தினார். உள்ளே பகல் காட்சிக்கு மேளம் தொடங்கிவிட்டது. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். நான் அந்தக் கேட்டைக் காலால் எட்டி உதைத்தேன். டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர்களிடம் கத்தினேன், உள்ளே போகாதீங்க, பின்னாடி போய்ப் பாருங்க என்று. ஒருவர்கூட வரிசையை விட்டு நகரவில்லை.

அன்று ஷிப்ட் முழுக்க அதே நினைப்பு. பயம் வேறு. நாயை ஏன் மறைக்கிறார்கள்? அதற்கு வெறி பிடித்துவிட்டதா? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார்.

டாக்டர் அம்மா அரசு வண்டியில் வந்து இறங்கியதால் கேட் திறந்தது. கீழ் வரிசை மூலைக் கூண்டு காலி. கழுவிவிட்டிருந்தார்கள். மேனேஜர், "அதை எங்க இன்னொரு கேம்புக்கு அனுப்பிட்டோம்" என்றார்.

டாக்டர் அம்மா பயிற்சிக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நேத்துக் காலையில செத்துப்போச்சு."

என் மகள் ஆறு நாளைக்கு முன் கடிபட்டவள். பத்து நாளைக்குள் நாய் செத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மேனேஜரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "என் பொண்ணு உசுரு அதுல கீது, தெரியுமா உனக்கு? செத்ததை மறைச்சு வேற நாயைக் காட்டுறியா?" கணவர் என்னை விலக்கவில்லை. அவரும் கத்தினார். "எங்கய்யா போட்டீங்க அத?"

கூடாரத்துக்குப் பின்னால், கருவேலம் புதரோரம், அவசரத்துக்கு மூடிய குழி. பயிற்சிக்காரர் மண்வெட்டியை எடுத்தார். கணவர் அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தானே தோண்டினார். ஒரு முழ ஆழம்கூட இல்லை. சாக்கில் சுற்றியிருந்தது. டாக்டர் அம்மா கையுறை போட்டுக்கொண்டு பிரித்தார். கிழிந்த காது. கழுத்தில் அந்தக் கம்பி அப்படியே இருந்தது. செத்த பிறகும் கழற்றவில்லை. புண்ணில் புதைந்துபோனதால் அவர் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. விலாவின் மேல் கையை ஓட்டியவர், "எலும்பு ஒடஞ்சிருக்கு. ரெண்டு" என்றார்.

அது என் உதையா, திரைக்குப் பின்னால் விழுந்த அடியா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. "நானும் உதைச்சேன் டாக்டர், ஞாயித்துக்கிழமை" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. "அதையும் எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

கணவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தக் கம்பியை ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தார். "இத யார் கழுத்துல மாட்டுனாலும் கடிக்கத்தான் செய்வான்" என்றார். மிதித்தே கொல்வேன் என்றவர் அவர்.

சோதனைக்காக நாயைச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு மூன்றாவது ஊசி. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெறிநோய் வந்தால் தொண்டையில் தண்ணீர் இறங்காது என்பார்கள்; அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏம்மா என்னையே பாக்குற?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை டாக்டர் அம்மா போன் செய்தார். வெறிநோய் இல்லை. நான் கம்பெனியில் என் லைனில் வேலையாக நின்றுகொண்டிருந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைக் கேட்டேன். இரைப்பையில் ஒன்றும் இல்லை. புண்ணின் விஷம் உடம்பு முழுக்க ஏறியிருக்கிறது. விலா ஒடிந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. பாதங்களில் பழைய சூடு, புதிய சூடு. எனக்கு வந்த நிம்மதி முழுக்க அங்கேயே வற்றிப்போனது. உயிரோடு இருந்தவரை அதற்கு ஒரு காகிதம் கிடைக்கவில்லை. செத்த பிறகு, அதுவும் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டுச் செத்ததால், அதன் உடம்பில் இருந்த ஒவ்வொரு காயத்துக்கும் கையெழுத்தோடு காகிதம் வந்தது. மகளை அது கடிக்காமல் இருந்திருந்தால்? இன்னும் நூறு குழந்தைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்திருப்பார்கள். நாங்களும் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டியிருப்போம்.

அந்த அறிக்கையோடு போனபோது அதே எழுத்தர் வழக்குப் பதிவு செய்தார். மேனேஜரை அன்றே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். மீதி எட்டு நாய்களைப் பறிமுதல் செய்து, குன்றத்தூர்ப் பக்கம் இருக்கும் ஒரு காப்பகத்தில் விட்டார்கள். ஒட்டகத்தையும் குதிரைகளையும் எடுக்க முடியவில்லை. அவற்றுக்குக் காகிதம் சரியாக இருந்ததாம். ஒட்டகத்தின் மூக்கில் துளையிட்ட இடம் வீங்கிச் சீழ் வடிவதை நானும் பார்த்தேன், டாக்டர் அம்மாவும் பார்த்தார். காகிதம் சரியாக இருந்தது. அந்த வாரமே கூடாரத்தைப் பிரித்து, அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்கோ போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வழக்குக்காக இரண்டு முறை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் வாய்தா.

மகளிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. "நான் கட்டிப்புடிச்சது அதுக்கு வலிச்சிருக்கும்ல?" என்றாள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. உனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும் என்றேன். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றேன்.

நான்காவது ஊசி போட்ட அன்று, மற்ற நாய்களைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அழைத்துப்போனோம். பெரிய வேலிக்குள், வேப்ப மரத்து நிழலில் எட்டும் படுத்திருந்தன. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. கழுத்துகளில் ஒன்றும் இல்லை. காப்பகத்துப் பெண், கிட்டே போக வேண்டாம், இங்கிருந்தே பாருங்கள் என்றார்.

மகள் வேலியோரம் நின்று, அவற்றைக் கூப்பிடுவதற்காகக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

எட்டு நாய்களும் எழுந்தன. எழுந்து, முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றன. கால்கள் நடுங்கின. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன என்று காத்து நின்றன.

"கையை இறக்குடி" என்று கத்தினேன். அவள் பயந்துபோய் இறக்கினாள். அப்போதும் அவை உட்காரவில்லை. அவளை இழுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போன பிறகுதான், காப்பகத்துப் பெண் உள்ளே போய் ஒவ்வொன்றையும் முதுகில் தடவித் தடவித் தரையில் இறக்கினார். "யார் வந்தாலும் இப்படித்தான் நிக்குதுங்க" என்றார். "இதுங்க முன்னாடி கை தூக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினே இருக்கோம்."

கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மேனேஜர் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.